குழுவாரிச் சமவாய்ப்புச் சோதனைகளின் வரலாறு

குழுவாரிச் சமவாய்ப்புச் சோதனை என்பது, ஆட்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல், ஊர், பள்ளி, தொழிற்சாலை போன்ற முழுக் குழுக்களைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து நடத்தும் ஆய்வு முறையாகும். ஒரு பகுதிக் குழுக்களுக்குப் புதிய நலத்திட்டம் அளிக்கப்படும். மறுபகுதிக் குழுக்கள் ஒப்பீட்டுக்காக வழக்கம்போல விடப்படும். புகையிலைத் தடுப்பு, இதயநோய்த் தடுப்பு, ஊட்டச்சத்து ஆகிய துறைகளில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது. இதன் முடிவைக் கணக்கிடும்போது எண்ண வேண்டியது ஆட்களையா, குழுக்களையா? இந்த எளிய கேள்விக்கான விடை நடைமுறைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஏன் குழுவாகப் பிரிக்க வேண்டும்?

ஒரு மருந்தைச் சோதிப்பதாக இருந்தால், அருகருகே படுத்திருக்கும் இரு நோயாளிகளில் ஒருவருக்கு மட்டும் அதைக் கொடுக்கலாம். 1948இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்ச் சோதனையில் நோயாளிகள் இவ்வாறே தனித்தனியாகப் பிரிக்கப்பட்டனர். நோய்த்தடுப்புத் திட்டங்கள் பலவற்றில் இது இயலாது. உள்ளூர் வானொலியில் புகைபிடிப்பதன் தீமையைச் சொன்னால் ஊரார் அனைவரும் கேட்பார்கள். ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு மட்டும் பாடம் நடத்தினாலும், இடைவேளையில் அது மீதிப் பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே ஊரை ஊராக, பள்ளியைப் பள்ளியாகப் பிரிப்பதே வழி.

கணக்கில் உள்ள சிக்கல்

ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பல வகையில் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஆசிரியர்கள், வாசலில் உள்ள கடை, நண்பர் கூட்டம் எல்லாம் அவர்களுக்குப் பொதுவானவை. பத்துப் பிள்ளைகளை விசாரித்த பிறகு பதினோராவது பிள்ளை சொல்வதில் ஒரு பகுதி நமக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும். இந்த ஒத்த தன்மையை அளக்கும் எண்ணைக் குழு உள் ஒட்டுறவு என்பர். பொதுவாக இது 0.01, 0.02 என்ற அளவில் மிகச் சிறியதாகவே இருக்கும். ஆனால் இதன் விளைவு சிறியதல்ல.

லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1965இல் வெளியிட்ட மாதிரிக் கணக்கெடுப்பு பற்றிய நூலால் வடிவமைப்பு விளைவு என்ற கருத்து பரவலாக அறியப்பட்டது. அதன் எளிய வாய்பாடு இது:

வடிவமைப்பு விளைவு = 1 + (ஒரு குழுவில் உள்ளோர் எண்ணிக்கை − 1) × குழு உள் ஒட்டுறவு

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 20 பள்ளிகள், பள்ளிக்கு 100 மாணவர்கள், ஆக 2000 பேர். ஒட்டுறவு 0.02 எனக் கொள்வோம். வடிவமைப்பு விளைவு 1 + 99 × 0.02 = 2.98. 2000ஐ 2.98ஆல் வகுத்தால் ஏறக்குறைய 671. அதாவது இந்த 2000 பேர் தரும் தகவல், தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 671 பேர் தரும் தகவலுக்குச் சமம்.

பள்ளிக்கு 500 பேர் என உயர்த்திப் பார்ப்போம். மொத்தம் 10,000 பேர் ஆகிறார்கள். ஆனால் வடிவமைப்பு விளைவும் 10.98 ஆகிவிடுவதால், கிடைக்கும் தகவல் சுமார் 911 பேருக்கு உரியதே. பள்ளிகள் இருபதாகவே இருக்கும்வரை, எத்தனை மாணவர்களைச் சேர்த்தாலும் அது 1000ஐத் தாண்டாது. மாறாக, பள்ளிக்கு 100 பேர் என்பதை மாற்றாமல் பள்ளிகளை 40 ஆக்கினால், 4000 மாணவர்களைக் கொண்டே சுமார் 1342 பேருக்குரிய தகவல் கிடைக்கும். ஆய்வுக்கு வலிமை சேர்ப்பது குழுக்களின் எண்ணிக்கை என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

கல்வித் துறையில் தொடக்கம்

எந்த அலகைக் குலுக்கிப் பிரித்தோமோ அந்த அலகையே கணக்கிலும் கொள்ள வேண்டும் என்ற கருத்து வேளாண் ஆய்வில் வேர்கொண்டது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், வயல் பாத்திகளைச் சமவாய்ப்பு முறையில் பிரிக்கும் வழியை வகுத்தார். அவரது சோதனை வடிவமைப்பு நூல் 1935இல் வெளியானது.

இக்கருத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்ட்குவிஸ்ட். ஒரு கற்பித்தல் முறையைப் பள்ளிவாரியாகச் சோதித்தால், மாணவர்களை அல்ல, பள்ளிகளையே அலகாகக் கொள்ள வேண்டும் என்று 1940இல் வெளியான தம் நூலில் அவர் விளக்கினார். கல்வி ஆய்வில் சொல்லப்பட்ட இந்தப் பாடம் மருத்துவ ஆய்வில் நிலைபெற மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

கார்ன்ஃபீல்டின் எச்சரிக்கை

புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவ உதவியவர்களுள் ஒருவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டு. 1978இல் அவர் ஒரு குறுங்கட்டுரை எழுதினார். குழுவாகப் பிரித்துவிட்டு, தனி ஆட்களாகப் பிரித்ததுபோலக் கணக்கிடுவது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும் என்பது அதன் சாரம். குழுவாகப் பிரிப்பதால் வரும் இரண்டு இழப்புகளை அவர் சுட்டினார். ஒன்று, மேலே கண்ட ஒட்டுறவால் தகவல் குறைவது. மற்றொன்று, குழுக்கள் சிலவே இருப்பதால் பிழையின் அளவையே உறுதியாக மதிப்பிட முடியாமல் போவது.

1981இல் கனடாவின் ஆலன் டோனரும் அவரது குழுவினரும், இத்தகைய ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும் வழியை வெளியிட்டனர். ஆனாலும் பழக்கம் உடனே மாறவில்லை. 1990 முதல் 1993 வரை இரண்டு முன்னணி இதழ்களில் வெளியான 21 குழுவாரி ஆய்வுகளை 1995இல் ஒரு மதிப்பாய்வு சரிபார்த்தது. மாதிரி அளவைத் தீர்மானிக்கும்போது குழு ஒட்டுறவைக் கருதியவை 4 மட்டுமே. முடிவைக் கணக்கிடும்போது கருதியவை 12. இப்பிழையால் தற்செயலான வேறுபாடுகள் திட்டத்தின் வெற்றியாகத் தோன்றக்கூடும். அதை நம்பிப் பொதுப்பணமும் செலவாகக்கூடும்.

இருபத்திரண்டு ஊர்களின் ஆய்வு

சரியான கணக்கீட்டுக்கு நல்ல சான்று, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய, சுருக்கமாகக் ‘கமிட்’ எனப்படும் புகை நிறுத்த ஆய்வு. இதில் ஏறத்தாழ ஒத்த தன்மையுள்ள ஊர்கள் 11 இணைகளாக, மொத்தம் 22 ஊர்கள் சேர்க்கப்பட்டன. பத்து இணைகள் அமெரிக்காவிலும், ஓர் இணை கனடாவிலும் இருந்தன. ஒவ்வொரு இணையிலும் ஓர் ஊரில் மட்டும் நான்கு ஆண்டுகள் தீவிரப் பரப்புரை நடந்தது.

இணைக்கு இரண்டு வாய்ப்புகள் என்றால், 11 இணைகளை 2048 விதமாகப் பிரிக்கலாம். திட்டத்தால் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டு, அந்த 2048 பிரிவுகளிலும் கிடைத்திருக்கக்கூடிய வேறுபாடுகளோடு உண்மையில் கிடைத்த வேறுபாட்டை ஒப்பிட்டார்கள். இதற்கு வரிசை மாற்றுச் சோதனை என்று பெயர். இங்கே எண்ணப்படுவது ஊர்களே.

1995இல் முடிவு வெளியானது. மிகுதியாகப் புகைப்பவர்களை மனத்தில் வைத்தே திட்டம் தீட்டப்பட்டது. ஆனால் அவர்களுள் புகையை விட்டவர்கள் பரப்புரை நடந்த ஊர்களில் 18.0 சதவீதம், ஒப்பீட்டு ஊர்களில் 18.7 சதவீதம். பயன் இல்லை. குறைவாகவும் நடுத்தரமாகவும் புகைப்பவர்களில் மட்டும் 30.6 சதவீதம், 27.5 சதவீதம் என்ற வேறுபாடு கிடைத்தது. அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு, தன் முதன்மை நோக்கம் நிறைவேறவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது.

2000ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநில ஆய்வு ஒன்றின் முடிவும் வெளிவந்தது. 40 பள்ளி மாவட்டங்களில், மூன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவர்களுக்குப் புகைத் தடுப்புப் பாடம் நடத்தப்பட்டது. பாடம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே புகைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

வைட்டமின் ஏ ஆய்வுகளும் திருச்சியும்

சரியான முறையில் நடந்த குழுவாரி ஆய்வுகள் தோல்வியை மட்டும் சொல்லவில்லை. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆல்ஃபிரட் சாமரும் அவரது குழுவினரும் 450 கிராமங்களைப் பிரித்து, பாதியளவு கிராமங்களின் குழந்தைகளுக்கு மட்டும் வைட்டமின் ஏ கொடுத்தனர். அங்கே குழந்தை இறப்பு 34 சதவீதம் குறைவு என்று 1986இல் அறிவித்தனர். ஒப்பீட்டுக் கிராமங்களுக்குப் போலி மருந்து தரப்படாததால் இம்முடிவைப் பலர் ஐயுற்றனர்.

மறுஆய்வுகளில் ஒன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனைக் குழுமத்தைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லா இதற்குத் தலைமை வகித்தார். பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். ஒரு பகுதிக் குழுக்களின் குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ இரண்டும் கொடுக்கப்பட்டன. மறுபகுதிக்கு வைட்டமின் ஈ மட்டும். வீடு தேடிச் சென்று கொடுத்தவர்கள் உள்ளூர்ச் சுகாதாரத் தொண்டர்கள். ஓராண்டில், விபத்து இறப்புகள் நீங்கலாக, 117 குழந்தைகள் இறந்தனர். அவர்களுள் வைட்டமின் ஏ பெற்றவர்கள் 37 பேர், பெறாதவர்கள் 80 பேர். 1990இல் வெளியான இம்முடிவின்படி, இறப்பு அபாயம் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது.

அதே ஆண்டு வெளியான ஐதராபாத் ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே ஓர் ஆய்வை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், பல நாட்டு ஆய்வுகளையும் 1993இல் ஒருங்கே தொகுத்துக் கணக்கிட்டார்கள். சராசரியாக 23 சதவீத இறப்புக் குறைவு என்ற விடை கிடைத்தது. திருச்சி கண்ட 54 சதவீதத்தைவிட இது குறைவு. எனினும் பல ஆய்வுகளின் துணை இருந்ததால் இதற்கு நம்பகத்தன்மை அதிகம்.

இன்றைய நிலை

டேவிட் மர்ரே 1998இல் எழுதிய நூலும், டோனரும் நீல் கிளாரும் 2000இல் எழுதிய நூலும் இத்துறையின் பாடநூல்களாயின. 2004இல், குழுவாரிச் சோதனைகளை எவ்வாறு அறிக்கையிட வேண்டும் என்ற பன்னாட்டு நெறிமுறை வெளியானது. எத்தனை குழுக்கள், ஒட்டுறவு எவ்வளவு, கணக்கீட்டில் அது எவ்வாறு கருதப்பட்டது ஆகியவற்றை ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதிகளுள் ஒன்று.

பத்தாயிரம் பேரிடம் நடந்த ஆய்வு என்று செய்தியில் படிக்கும் மாணவர், அவர்கள் எத்தனை ஊர்களில் அல்லது பள்ளிகளில் இருந்தார்கள் என்றும், எது குலுக்கிப் பிரிக்கப்பட்டது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டே ஊர்களை ஒப்பிட்ட ஆய்வாக இருந்தால், கண்ட வேறுபாடு திட்டத்தால் வந்ததா, அந்த ஊர்களுக்கிடையே முன்பே இருந்ததா என்பதை அந்தப் பத்தாயிரம் பேரைக் கொண்டு பிரித்தறிய முடியாது.