வழிமறித்த சேலத்துக்காரர்

சென்ற வாரம் மைசூர் வாசலில் நிறுத்தியிருந்தோம். 1928 டிசம்பர். உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் பொதுக்குழு அங்கே கூடுகிறது. சைமன் கமிஷனுக்குக் கறுப்புக்கொடி பறந்த ஆண்டு அது. அரியணையில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். திவான் மிர்சா இஸ்மாயில். சம்மேளனம் பிறந்த வாட்ஸ்டெனா கோட்டையும் அதன் தலைவர் ஜான் மாட்டும் உங்களுக்குப் பழகிவிட்டதால் நேரே உள்ளே போயிருக்கலாம். ஆனால் ஒரு சேலத்துக்காரர் வழிமறிக்கிறார்.

கனகராயன் திருச்செல்வம் பால். சுருக்கமாக கே.டி.பால். 1876இல் சேலத்தில் பிறந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1905 கிறிஸ்துமஸ் நாளன்று செராம்பூரில், திருநெல்வேலிச் சீமை அசரியாவோடு சேர்ந்து தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது விதி. வங்கம் பிரிவினையால் கொந்தளித்துக்கொண்டிருந்த வருஷம்! அந்நியத் துணியைக் கொளுத்தியவர்களைக் கொண்டாடுகிறோம். வெள்ளைக்கார மிஷனின் காசே வேண்டாம் என்றவரை மறந்துவிட்டோம். அநியாயம்தான்.

1916இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். விடுதியும் விளையாட்டும் வேதபாட வகுப்புமாகப் பட்டணத்தில் வளர்ந்த சங்கத்தைக் கிராமத்துக்கு இழுத்துப் போனார். கந்துவட்டியில் மூழ்கிய குடியானவனுக்கு ஜெபம் மட்டும் போதாது, கூட்டுறவுக் கடனும் வேண்டும் என்பது அவர் கட்சி. மார்த்தாண்டம் தேனை நாக்கில் வைக்கிறவர்கள், அங்கே 1920களில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம மையத்தையும் நினைத்துக்கொள்ளலாம்.

1926இல் ஹெல்சிங்கியில் ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாடு. இளைஞர்களிடம் பேச காந்தியை அழைத்துப்போக வேண்டும் என்று பால் மெனக்கெட்டார். ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கிறிஸ்தவ வாலிபர்களின் மேடைக்கு அழைப்பதென்றால் அந்தக் காலத்தில் சும்மாவா? உடை என்ன, ஆட்டுப்பாலுக்கு என்ன வழி என்பதுவரை கடிதங்கள் போய்வந்தன. கடைசியில் காந்தி போகவில்லை. அழைத்ததே பெரிது என்பேன்.

இந்தத் தாராளம் எல்லோருக்கும் ருசிக்கவில்லை. 1910இலேயே கேம்பிரிட்ஜில் பழமைப் பிடிப்புள்ள மாணவர் சங்கம் பிரிட்டிஷ் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தை விட்டு வெளியேறியது; அந்தப் போக்கினருக்கென்று பிரிட்டனில் தனி அமைப்பே பிறந்தது, அதே 1928இல். நம் நாட்டில் 1912 முதல் இயங்கிய மாணவர் கிறிஸ்தவ இயக்கமோ பால் காட்டிய பக்கமே சாய்ந்தது. பின்னாளில் அதிலிருந்து எழுந்த எம்.எம்.தாமஸ் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுவுக்கே தலைவரானார்.

1930 வட்டமேஜை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக லண்டன் போன பால், நம் சமூகத்துக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றார். கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் துடித்தவர்கள் அவரைத் தூற்றியிருந்தால் ஆச்சரியமில்லை. மறுவருஷமே காலமானார்.

சம்மேளனத்தில் மாட் விட்டுச்சென்ற தலைமை அமெரிக்கர் பிரான்சிஸ் மில்லரிடம் போன கதைக்குப் பக்கம் மிச்சமில்லை. மைசூருக்குள் அடுத்த வாரம் நுழைவோம்.