நீரில்லா ஆற்றின் வழியே

ஆறில்லாத நாடு யாழ்ப்பாணம் என்பர். ஆனால் எங்கள் தெல்லிப்பழையில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறு ஒன்றுண்டு. மாரியில் பெருகும், கோடையில் வறண்டு கிடக்கும்.

சென்ற கோடையில் அதன் வழியே நடந்தேன். காலடியில் வெடித்த மண், காய்ந்த புல். குடாநாட்டின் அடியிலுள்ள மயோசீன் காலச் சுண்ணக்கல் மழைநீரை உறிஞ்சிவிடுவதால் இங்கே பேராறுகள் பிறப்பதில்லை. உறிஞ்சியதுபோக மிஞ்சிய வெள்ளம் வடிந்து வடிந்து உண்டாக்கிய தாழ்நிலமே இவ்வாறு.

கந்தரோடையை அடைந்ததும் சரித்திரம் எதிர்ப்பட்டது. நீதிபதி போல் பீரிஸ் 1917 அளவில் இங்கே ஆராய்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். உரோம நாணயங்களும் கறுப்புச் சிவப்பு மட்கலங்களும் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முன்பே மக்கள் இங்கு குடியேறியது ஏன்? இவ்வெள்ளம் நனைத்த வயல்களே முதற்காரணம் என்பது என் எண்ணம்.

இன்றோ வாய்க்காலில் குப்பை கொட்டுகிறோம். கரையை நெருக்கி மதில் எழுப்புகிறோம். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை பொழிந்தபோது, வெள்ளம் தாழ்நிலமெங்கும் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டது.

பட்டினப்பாலையின் காவிரியை ஆண்டுதோறும் படிப்பிக்கும் நான், சொந்த ஊர் ஆற்றை மாணவருக்குக் காட்டியதில்லை. அன்றுதான் அது உறைத்தது. நேயர்களே, மாரி தொடங்குமுன் உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். வழி தெரிந்தவர்கள் அதை அடைக்கமாட்டார்கள்.