மலையாளி ஆளாத மலை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கிறது கல்வராயன் மலை. கோமுகி, மணிமுத்தா ஆறுகளை ஈன்று சமவெளி வயல்களுக்கு அனுப்பிவைக்கும் மலை. பலாவும் மாவும் புளியும் கடுக்காயும் வளரும் மலை; சாமையும் தினையும் விளைந்த மலை.

நாடு விடுதலை பெற்றது 1947இல். இந்த மலை? சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் எனும் மூன்று ஜாகீர் பரம்பரைகளின் பிடியில் கிடந்தது. அரசு மலையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது 1976 ஜூன் 25ஆம் நாள்! ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் பிந்தி வந்தது விடுதலை. விஜயநகர வேந்தன் வழங்கிய மலை என்று கதை சொன்னார்கள். யார் மலையை யார் யாருக்கு வழங்குவது? அங்கே உழுத பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவன் என்று அதற்குப் பொருள் சொல்வர். ஆட்சி பெயரில் இருந்தது. வரியும் கூலியற்ற உழைப்பும் முதுகில் இருந்தன.

பழத்தோட்டத்தைக் காக்கும் பேச்சில் ஜாகீர் கதை ஏன் என்பீர்கள். பலாக்கொட்டையை ஊன்றியவன் காய் காண ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நிலம் நாளையும் தன்னுடையது என்ற உறுதியற்றவன் எப்படிக் காத்திருப்பான்? பத்து மாதத்தில் பணமாகும் மரவள்ளியை நடுவான். தென்னமெரிக்காவில் பிறந்த அந்தக் கிழங்கு, இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசை ஜவ்வரிசி வரத்து நின்றதும் சேலத்து ஆலைகளுக்கு உயிராயிற்று, மலைச்சரிவிலும் பரவிற்று. ஏழைக்குக் காசு தரும் கிழங்கை ஏசுவதற்கில்லை. ஆயினும், சரிவில் அதைப் பிடுங்கும்போதெல்லாம் மண் குலைகிறது. அடுத்த மழை அதை ஓடையில் சேர்க்கிறது. மரமோ வேரால் மண்ணைக் கவ்வுகிறது, சருகால் நீரை நிலத்துள் இறக்குகிறது, காற்றின் கரியைத் தன் உடலில் பூட்டிவைக்கிறது.

இன்னொன்று. கொட்டையில் முளைத்த பலா ஒவ்வொன்றும் தனி வகை. ஒன்றின் சுளை தேன், ஒன்றின் சுளை நார். அயல் மகரந்தச் சேர்க்கையின் வேலை அது. ஆண்டவன் லீலை அல்ல. வெட்டினால் அந்த வகை அதே உருவில் விதையினின்று மீளாது. உலகம் சூடேறி மழை தடுமாறும் நாளில் எந்த வகை தாக்குப்பிடிக்கும் என்று இன்றே சொல்வார் யார்?

சாமி மரம் என்று குங்குமம் அப்பினால் போதும் என்போர் உண்டு. ஜாகீரைத் தடுக்காத சாமி கோடரியைத் தடுக்குமா? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே பழங்குடியினர் உழுதுவரும் வன நிலத்தில் உரிமை தருகிறது. கடுக்காய் போன்ற சிறு வனப்பொருளைச் சேகரித்து விற்கவும் உரிமை தருகிறது. மலையேறும் இளைஞர்கள் மரக்கன்றோடு உரிமை கோரும் படிவத்தையும் எடுத்துச் செல்லட்டும். அதை முதலில் ஏற்று ஆராய வேண்டியது கிராம சபை.