டுரியான் பழத்தின் எண்கள்

சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்தில், டுரியான் பருவத்தில், கடைக்காரர்கள் டி24, டி197 என்று எண்களைச் சொல்லிப் பழம் விற்பதைக் கேட்கலாம். இந்த எண்களுக்கு ஒரு வரலாறு உண்டு.

டுரியான் விதையை நட்டால் தாய் மரத்தின் சுவை அப்படியே வருவதில்லை. ஆகவே நல்ல மரமொன்று பட்டுப்போனால், அதன் சுவையும் அதனுடன் போய்விடும். இதைத் தடுத்தது ஒட்டு முறை. நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு சீவியெடுத்து, நாற்றின் தண்டில் கீறிப் பொருத்திக் கட்டுவார்கள். மொட்டு உயிர்பிடித்ததும் நாற்றின் தலைப்பகுதியை வெட்டிவிடுவார்கள். பின்னர் அம்மொட்டிலிருந்து வளர்வது தாய் மரத்தின் தொடர்ச்சியே.

மலாயாவின் வேளாண்மைத் துறை 1930களில் சிறந்த மரங்களுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்யத் தொடங்கியது. 1937இல் டி24 பதிவாயிற்று. முசாங் கிங் எனப்படும் டி197 மலேசியாவில் 1993இல் பதிவாயிற்று.

ஆனால் எல்லாரும் பெயர்பெற்ற இரண்டொரு இனங்களையே நட்டால், விதையில் முளைத்த கம்பத்து மரங்கள் அருகிவிடும். புதிய சுவைகள் பிறப்பது அம்மரங்களில்தான். எனவே பழைய மரத்தை வெட்டுமுன் அதன் பழத்தைச் சுவைத்துப் பார்ப்பது நல்லது. சிறந்ததாயின் ஒரு மொட்டேனும் எடுத்து ஒட்டி வைக்கலாம் அல்லவா?