நீர் காத்த காடு

சிங்கப்பூரின் நடுவே பசுமை குன்றாது நிற்கும் காட்டைக் காண்போர், அது தொன்றுதொட்டு அவ்வாறே இருந்து வந்ததெனக் கருதக்கூடும். வரலாறோ வேறு கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் காம்பியரும் பயிரிடுவதற்காகத் தீவின் காடுகளிற் பெரும்பகுதி வெட்டி வீழ்த்தப்பட்டது. காம்பியர் இலையைக் காய்ச்சிச் சாறு இறக்க வேண்டிய விறகும் அக்காடுகளிலிருந்தே வந்தது. மண் வளமிழந்ததும் அந்நிலத்தைக் கைவிட்டு, தோட்டக்காரர் அடுத்த காட்டை நாடினர்.

எஞ்சியதைக் காத்தது எது? நகரத்தாரின் தாகமே எனலாம். 1857இல் வணிகர் டான் கிம் செங் குடிநீர்த் திட்டத்திற்கென 13,000 வெள்ளி வழங்கினார். 1868இல் முதல் நீர்த்தேக்கம் உருவாயிற்று. பின்னாளில் அது மெக்ரிட்சி எனப் பெயர்பெற்றது. தேக்கிய நீர் தெளிவாயிருக்க வேண்டுமாயின், அதைச் சூழ்ந்த மேட்டுநிலம் மரங்களால் மூடப்பட்டிருத்தல் வேண்டும். வேர்கள் மண்ணைப் பிணிக்கும். சருகுகள் மழையை உறிஞ்சி மெல்ல ஓடைக்கு விடும். ஆகவே நீர்ப்பிடிப்பு நிலம் காவலுக்குள் வந்தது. கைவிடப்பட்ட தோட்டங்களிலும் காடு மீண்டும் தழைத்தது. மனிதர் தமக்காகக் காத்த நிலம், விலங்குகளுக்கும் புகலிடமாயிற்று. தீவின் கடைசி நன்னீர்ச் சதுப்புக்காடான நீ சூன் இன்றும் நிற்பது இதனாலேயே.

எனினும் 1980களில் எழுந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா குன்றை இக்காட்டினின்று துண்டித்தது. குன்றில் வாழ்ந்த ராஃபிள்ஸ் பட்டை இலைக்குரங்குகளுள் இறுதியானது 1987இல் மாண்டது. சாலைக்கு அப்பால், நீர்ப்பிடிப்புக் காட்டில் மட்டும் ஒரு சிறு கூட்டம் பிழைத்திருந்தது.

பிரிந்ததை இணைக்கும் முயற்சி பிற்பாடு தொடங்கியது. 2013இல் அவ்விரைவுச்சாலையின் மேல் 62 மீட்டர் நீளமான விலங்குப்பாலம் அமைந்தது. அதன்மீது நாட்டு மரங்கள் நடப்பட்டன. அழுங்கும் புனுகுப்பூனையும் அதைக் கடந்தமை பதிவாகியுள்ளது. 2019இல் திறக்கப்பட்ட தாம்சன் இயற்கைப் பூங்காவின் அருகே, குரங்குகள் சாலையைக் கடப்பதற்குக் கயிற்றுப்பாலங்கள் கட்டப்பட்டன. 2010ஐ ஒட்டி ஏறத்தாழ நாற்பதாயிருந்த இலைக்குரங்குகளின் தொகை, பின்னர் எழுபதைத் தாண்டியது.

ஆயினும் மனநிறைவுகொள்ளக் காலம் வரவில்லை. எழுபது உயிர்கள் என்பது ஒரு நோயோ நீண்ட வறட்சியோ குலைத்துவிடக்கூடிய தொகையே. காட்டின் அடியில் 70 மீட்டர் ஆழத்தில் இரயில் பாதை செல்லுமென 2019இல் முடிவானபோது எழுந்த விவாதமும், வளர்ச்சிக்கும் வனத்திற்கும் இடையிலான வழக்கு ஓயவில்லை என்பதையே காட்டியது.

நீருக்காகக் காட்டைக் காத்த முன்னோர், தம்மையறியாமலே விலங்குகளையும் காத்தனர். அந்நலம் தானே விளைந்தது. இனி அவ்வாறு விளையுமென எதிர்பார்த்தல் இயலாது. துண்டுபட்ட காட்டை ஒன்றுசேர்க்கும் பணி, அறிந்தே செய்ய வேண்டிய பணியாகும். குழாயைத் திறக்கும் ஒவ்வொரு மாணவனும் அந்நீரின் பின்னே ஒரு காடு நிற்பதை உணர்வானாயின், அப்பணிக்கு நாளை ஆள் குறையாது.