ரஜூலாவின் உடன்பிறப்பு

மலேயாவோடு உறவுள்ள தமிழ்க் குடும்பங்களில் 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை அறியாதோர் குறைவு. அதன் உடன்பிறப்பான 'ரோஹ்னா'வின் கதையோ நம்மிடையே அரிதாகவே பேசப்படுகிறது.

இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926இல் கட்டப்பட்டவை. ரஜூலா கிளாஸ்கோவிலும் ரோஹ்னா டைன் ஆற்றங்கரை ஹெப்பர்னிலும் உருவாயின. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்தில் சரக்கோடு, தோட்ட வேலைக்குச் சென்ற தமிழரையும் இவை மேல்தளத்தில் சுமந்தன. இரண்டாம் உலகப்போர் இவ்வணிகக் கப்பல்களைப் படைக்கப்பல்களாக்கிற்று.

1943 நவம்பர் 26 அன்று, ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்கப் படைவீரருடன், கே.எம்.எஃப். 26 என்னும் கப்பல் தொடரணியில் ரோஹ்னா அல்ஜீரியக் கரையையொட்டிச் சென்றுகொண்டிருந்தது. அவ்வீரர்கள் சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வரவேண்டியவர்கள். மாலையில் ஜெர்மானிய விமானமொன்று ஏவிய, வானொலி அலையால் இயக்கப்படும் எச்.எஸ். 293 குண்டு கப்பலைப் பிளந்தது. உயிர்காப்புப் படகுகள் சில சிதைந்தன. வேறு பலவற்றை நீரில் இறக்க இயலவில்லை. இருளும் கொந்தளிப்பும் மீட்பைக் கடினமாக்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். எதிரித் தாக்குதலில் அந்நாட்டுப் படையினர் கடலில் ஒரே நிகழ்வில் கண்ட பேரிழப்பு இதுவே.

புதிய ஆயுதத்தின் வெற்றியை எதிரி அறியலாகாது என்று செய்தி மறைக்கப்பட்டது. பல குடும்பங்களுக்குப் பல்லாண்டுகள் உண்மை தெரியவில்லை. 2000ஆம் ஆண்டில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அவர்களை நினைவுகூர்ந்தது.

உயிர்தப்பிய அமெரிக்கர் சிலர், இந்திய மாலுமிகள் தம்மைக் கைவிட்டு ஓடியதாகக் குறைகூறினர். நாம் நிதானித்து நோக்க வேண்டிய இடம் இதுதான். ஏறத்தாழ இருநூறு பேர் கொண்ட கப்பல் பணியாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் அன்று இறந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் 'லஸ்கார்' எனப்பட்ட இந்திய மாலுமிகள். எல்லாரும் தம் உயிரை மட்டும் காத்துக்கொண்டனர் என்பதோடு இக்கணக்கு பொருந்தவில்லை. அமெரிக்கர் தரப்பு நினைவுகள் நூல்களாயின. லஸ்கார்களின் தரப்பைச் சொல்லும் நூலெதுவும் நம் கைக்கு எட்டவில்லை. ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவது வரலாறாகாது.

போரில் மடிந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ ஆறாயிரம் பேரை மும்பை, சிட்டகாங் நினைவேடுகள் குறிக்கின்றன. போரில் தப்பிய ரஜூலா 1973 வரை அதே பெயரில் ஓடி, மறு ஆண்டு உடைக்கப்பட்டது. அதன் நினைவை இன்றும் போற்றும் நாம், அதே தடத்தில் நம்மைச் சுமந்த ரோஹ்னாவையும் அதன் மாலுமிகளையும் அந்நினைவில் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.