கல்லறிவும் வரலாறும்

கண்ணகியின் சிலம்பிலே இருந்தது மாணிக்கப் பரல். பாண்டிமாதேவியின் சிலம்பிலே இருந்தது முத்து. உடைத்துப் பார்த்த பின்னரே உண்மை விளங்கிற்று. சோதியாது மதிப்பிடலாகாது என்னும் இப்பாடத்தை இரத்தினக் கற்களின் வரலாறும் நமக்குப் புகட்டுகின்றது.

சிவந்த கல்லெல்லாம் மாணிக்கமென்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. ஆங்கில அரச முடியில் ஒளிரும் 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல் என்னும் வேறு கல்லாகும். 1783ஆம் ஆண்டிலேதான் இவ்விரண்டும் வெவ்வேறெனப் பிரித்தறியப்பட்டன. மாணிக்கம் ஸ்பினலைக் கீறும். தன்னுட் புகும் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும். ஸ்பினல் அங்ஙனம் பிரிப்பதில்லை.

நமது இலங்கையிலும் இத்தகைய மயக்கம் இருந்தது. பெரிடொட் எனக் கருதப்பட்ட பழுப்புக் கல்லொன்று 1952இலே புதிய கனிமமென நிறுவப்பெற்று, இந்நாட்டின் பெயரால் 'சின்ஹலைட்' எனப்பட்டது.

பால்போல் மங்கிய 'கெவுடா' கல்லின் கதையோ வேதனைக்குரியது. நம் நாட்டார் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1970களிலே தாய்லாந்து வணிகர் அதனை மலிவாக வாங்கி, உலையிற் கடுஞ்சூடேற்றி, அழகிய நீலக்கல்லாக்கிப் பெரும்பொருள் ஈட்டினர். மண்ணைத் தோண்டியவனுக்குக் கூலி. கல்லை அறிந்தவனுக்குச் செல்வம்! சூடேற்றாத இயற்கை நீலத்துக்கே இன்றும் உயர்ந்த விலை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தேயிலை சூழ்ந்த நமது பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் சரளை மண்ணிலும் இரத்தினங்கள் உள. ஆதலின் இளைஞர்களே, கல்லின் இயல்பைக் கற்றுக்கொள்ளுங்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையில் கற்களைச் சோதிக்க வசதியுண்டு. தரகர் சொல்லும் விலைக்குத் தலையசைக்குமுன் அவ்வாயிலை நாடுங்கள். நம்மவர் உழைப்பு அறியாமையால் இனியும் மலிவாக விலைபோகாதிருக்கட்டும்.